துடிக்காத வயிறு

எங்கள் தெருவில் அவரைப் பலூன்காரர் என்றுதான் கூப்பிடுவோம். குழந்தைகள் வந்து கை நீட்டினால், பாவம், மனுஷன் முழிப்பார். அவருடைய பலூன் விரல்நுனி அளவுதான். அது போவது எலியின் குடலுக்குள்.

ஆய்வகத்தில் அவருக்கு அந்த ஒரு வேலை. பலூனில் காற்றை மெல்ல ஏற்றி, எலியின் வயிற்றுத் தசை துடிக்கிறதா என்று பார்க்க வேண்டும். துடித்தால் வலி, துடிக்காவிட்டால் வலி இல்லை. "துடிப்பு இருக்கு, துடிப்பு இல்ல" என்று சொல்லிச் சொல்லி வாய் பழகிவிட்டது. அந்தப் பழக்கத்தை வேலைச் சட்டையோடு அங்கேயே கழற்றி மாட்டிவிட்டு வந்திருந்தால் நான் இதை எழுதவே வேண்டியிருக்காது.

அவர் மனைவிக்கு வயிற்றைப் பிசைய ஆரம்பித்தபோது உள்ளங்கையை வைத்துப் பார்த்தார்.

"துடிக்கலையே. வாயுவா இருக்கும்."

"நான் என்ன உங்க எலியா?" என்று அவள் கையைத் தட்டிவிட்டாள். இருவரும் சிரித்தார்கள்.

சில நாளில் வலி முற்றியது. ஒரு காலை சமையலறைத் தரையில் ஒருக்களித்து, முழங்காலை வயிற்றோடு சேர்த்து, அசையாமல் கிடந்தாள்.

"டாக்டர்கிட்ட போலாங்க."

அவர் மறுபடி கையை வைத்தார். "துடிப்பே இல்ல. வலின்னா துடிச்சுப் போயிடுவாங்க. நீ பேசாம படுத்திருக்கே. சாயங்காலம் பார்ப்போம்."

அவர் ஒன்றும் கல்நெஞ்சக்காரர் இல்லை. அதுதான் எனக்கு ஆத்திரமாக இருக்கிறது. போர்வையை எடுத்து அவளுக்குப் போர்த்திவிட்டுத்தான் கிளம்பினார்.

அன்று ஆய்வகத்தில் மூளையைப் படம் பிடிக்கும் புது இயந்திரம் ஓடிக்கொண்டிருந்தது. அசைந்தால் படம் கெட்டுவிடும் என்று எலிக்குத் தசை மட்டும் செயலிழக்க ஊசி போட்டிருந்தார்கள். அவர் காற்றை ஏற்றினார்.

"துடிப்பு இல்லம்மா" என்றார், ஆய்வை நடத்தும் அம்மாளிடம்.

"வயித்த விடுங்க. இங்க பாருங்க."

திரையில் இரண்டு மூளைகள். ஒன்று எலியுடையது. மற்றது, இதே சோதனைக்குச் சம்மதித்து வந்த ஒரு மனிதருடையது. அளவில்தான் வித்தியாசம். இரண்டிலும் ஏறக்குறைய ஒரே இடம் சிவந்திருந்தது.

"அந்த ஆளு வலிக்குதுன்னு வாய்விட்டுச் சொன்னாரு. இதுக்குத் துடிக்கக்கூட முடியல. ஆனா மூளை அதையேதான் சொல்லுது."

"துடிக்கலன்னாலும் வலிக்குமா?"

"மனுஷங்களே குடல் ஓட்டையாயிட்டா துடிக்க மாட்டாங்க. அசைஞ்சா வலியில இன்னும் உயிர் போகும். அப்படியே கிடப்பாங்க."

பலூனில் ஏற்றிய காற்றை இறக்கக்கூடத் தோன்றவில்லை அவருக்கு. போட்டது போட்டபடி ஓடினார்.

அவள் அதே இடத்தில், அதே போர்வைக்குள் கிடந்தாள். குடல் ஓட்டையாகி வயிறு முழுக்கச் சீழ் பரவிவிட்டது என்றார்கள் மருத்துவமனையில். அறுவை செய்து, வாயில் குழாயோடு படுக்க வைத்திருந்தார்கள்.

"தூக்கத்துக்கு மருந்து போகுது, கவலைப்படாதீங்க" என்றார் நர்ஸ். "வலியெல்லாம் இருக்காது. பாருங்க, ஒரு துடிப்புகூட இல்ல."

அவருடைய கை தானாக அவள் வயிற்றுப் பக்கம் போனது. பாதியில் நிறுத்தி, அவள் விரல்களைப் பிடித்துக்கொண்டார்.

"உனக்கு வலிக்குதா?"

அவளிடம் அவர் அதைக் கேட்பது அதுதான் முதல் தடவை. அதுவரை தொட்டுத்தான் பார்த்திருந்தார். அவள் பதில் சொல்லாமலே போய்விட்டாள்.