இடப்பக்க இறக்கையைத் தைத்தவள் நான்

வியாழக்கிழமை காலை, ரூ பெர்தொனே என்ற பிரெஞ்சுத் தெருவில் உள்ள என் தையல் கடையில் துணியில் சோக்கால் வெட்டுக்கோடு போட்டுக்கொண்டிருந்தபோது கமலாவின் அழைப்பு வந்தது. "மலரக்கா, பிள்ளை போயிட்டுது" என்றாள். ஆறு மாதம் புற்றுநோயோடு போராடிய அவளுடைய மகள் ஆரணி முப்பத்தொரு வயதில் போய்விட்டாள். எனக்கு முதலில் வந்தது கோபம். அழுகை பிறகுதான் வந்தது.

ஆரணியைத் தெரிந்தவர்களுக்காக இதை எழுதுகிறேன். "பொம்பிளைப் பிள்ளைக்கு உந்தப் பறக்கிற வேலை என்னத்துக்கு?" என்று ரூ லூயி-பிளாங் சாப்பாட்டுக் கடைகளில் இருந்து கதை அளந்தவர்களும் வாசிக்கட்டும். அவளை அழுதுகொண்டு மட்டும் நினைக்க என்னால் முடியாது. அவள் பெயரைக் கேட்டால் என் நெஞ்சு இன்றைக்கும் சந்தோஷத்தில் படபடக்கிறது.

அவளுக்கு விமான நிலையத்தில் பயணப் பெட்டிகள் ஏற்றுகிற வேலை. விடுமுறை நாட்களில் சிறிய விமானம் ஓட்டப் பழகி, அதற்கான அனுமதிப் பத்திரமும் எடுத்திருந்தாள். மனிதர்கள் பறக்கத் தொடங்கிய காலத்து மர விமானம் ஒன்றை அச்சு அசலாகத் திரும்பவும் கட்டுகிற ஒரு குழுவில் சேர்ந்து, நான்கு வருடம் மரம் இழைத்தாள். கடைசியில் யார் முதலில் பறப்பது என்று சீட்டுக் குலுக்கியபோது அவள் பெயர் விழுந்தது. அன்றே என் கடைக்கு ஓடி வந்துவிட்டாள்.

"அன்ரி, இறக்கைக்குத் துணி தைக்கவேணும். வலப்பக்கம் அங்கை ஒராள் தைக்கிறார். இடப்பக்கம் நீங்கள் தைப்பீங்களோ?"

"நான் சாறிச் சட்டை தைக்கிறனான் பிள்ளை. விழுந்து கிழுந்து போனால் கொம்மாவுக்கு ஆர் பதில் சொல்லுறது?"

"பழக்கிவிட ஆளே இல்லாத காலத்திலை என்னிலும் சின்னப் பிள்ளையள் இதிலை பறந்தவை, அன்ரி. எனக்குப் பழக்க ஆள் இருந்தது. பிறகு நான் என்னத்துக்குப் பயப்பிடுறது?"

அளவுப் புத்தகத்தில் ஒரு பக்கத்தைத் திருப்பி, மேலே 'ஆரணி' என்று எழுதி, இறக்கையின் நீள அகலங்களைக் குறித்தேன். தலையணை உறை மாதிரி தைத்து மரச்சட்டத்தில் மாட்டவேண்டும். பிறகு அவர்கள் ஏதோ பூச்சுப் பூச, துணி மேளத்தோல் போல இறுகிவிடுமாம்.

பிழை விட்டது நான்தான். சட்டை தைக்கிற எவளும் தையலுக்கு உள்ளே இரண்டு விரல் துணி விடுவாள். நாளைக்கு உடம்பு பெருத்தால் பிரித்துப் பெரிதாக்கலாம். முப்பது வருடப் பழக்கத்தில் கை தானாகவே அதைச் செய்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமை காலை ஆரணி உறையைத் தூக்கிக்கொண்டு திரும்பி வந்தாள். செவ்வாய்க்கிழமை சோதனைக்கு ஆட்கள் வருகிறார்கள், இடப்பக்கம் பாரமாக இருந்தால் பறக்க விடமாட்டார்கள் என்றாள். பிறகு உள்ளே மடிந்திருந்த துணியைத் தொட்டுப் பார்த்துவிட்டு விழுந்து விழுந்து சிரித்தாள்.

"அன்ரி, இறக்கை கலியாணம் கட்டிக் கொழுக்கப் போகுதோ?"

எனக்கு வெட்கம், அவளுக்குச் சிரிப்பு. கடைக் கதவைப் பாதி இறக்கிவிட்டு இரண்டு பேரும் நிலத்தில் இருந்துகொண்டு பிரித்தோம், வெட்டினோம், திரும்பத் தைத்தேன். "பாரம் இல்லாமல் தையுங்கோ அன்ரி, பாரம் இல்லாமல்" என்று அவள் சொல்லிக்கொண்டே இருந்தாள். பின்னேரம் தேநீர் குடிக்கத்தான் எழும்பினோம்.

சோதனையில் இறக்கை தேறியது. பறக்கிற நாள் வரமாட்டேன் என்று சத்தியம் பண்ணிய கமலா, காரில் என் பக்கத்தில் வந்து ஏறிக்கொண்டாள். புல்வெளியில் இயந்திரம் இருமி இருமிப் பிடித்தது. கமலா கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு என் கையைப் பிடித்தாள். விமானம் ஓடியது, ஆடியது, ஒரு தரம் துள்ளி விழுந்தது, பிறகு சக்கரத்துக்கும் புல்லுக்கும் நடுவே வெளிச்சம் தெரிந்தது.

"ஏறீட்டாளோ, அக்கா?"

"ஓம், ஏறீட்டாள். கண்ணைத் திறவுமன்."

கமலா திறந்தாள். மூன்று மாடி உயரம் இருக்கும். வெயில் பட்டு என் தையல் கோடு முழுக்கத் தெரிந்தது. நான் வாய்விட்டுக் கத்தினேன். என் வாழ்நாளில் நான் தைத்த எதையும் அண்ணாந்து பார்த்ததில்லை. புல்வெளியின் மறுகரையில் அவள் இறங்கியபோது கமலா என்னை முந்திக்கொண்டு ஓடினாள்.

அதற்குப் பிறகு அவள் ஒன்பது தரம் பறந்தாள். பிறகு நோய் வந்தது.

அழைப்பு வந்த அந்த வியாழன் பின்னேரம் கமலா கடைக்கு ஒரு சேலையோடு வந்தாள். "பிள்ளைக்கு உடுத்திவிட, இதுக்கு ஒரு சட்டை தைச்சுத் தாங்கோ, அக்கா. பிள்ளையின்ரை அளவு உங்களிட்டை இருக்குத்தானே" என்றாள். புத்தகத்தைத் திறந்தேன். ஆரணியின் பக்கத்தில் இறக்கையின் அளவு மட்டும்தான் இருந்தது. கலியாணத்துக்கு எடுக்கலாம் என்று அவளுடைய அளவை நான் எடுக்கவே இல்லை. நோயில் மெலிந்த உடம்பை நினைவில் வைத்துக் கண்ணளவில் வெட்டினேன்.

அளவுப் புத்தகத்தின் அந்தப் பக்கம் என்னிடம் இருக்கிறது. இறக்கையிலிருந்து வெட்டிய இரண்டு விரல் துணியும் அதற்குள்ளேதான் இருக்கிறது. இரண்டையும் யாருக்கும் கொடுக்கமாட்டேன்.

அந்தக் கடைசிச் சட்டைக்கும் உள்ளே இரண்டு விரல் துணி விட்டுத்தான் தைத்தேன். "பாரம், அன்ரி" என்று சொல்ல அவள் இல்லை.