சந்தனம் பூசிய முதுகு

ஒரு பசுவின் நோயை நான் தெரிந்தே மறைத்தேன். தெரியாமல் நடந்தது என்று சொல்ல எனக்கு வழியில்லை. இலங்கையில் மிருக வைத்தியம் படித்துப் பட்டம் வாங்கியவன் நான். ஜேர்மனியில் எந்த அலுவலகமும் அந்தப் பட்டத்தை ஏற்கவில்லை, பசுக்கள் ஏற்றுக்கொண்டன. நகருக்கு வெளியே ஒரு பண்ணையில் இருபது வருடம் பால் கறந்தேன். ஓய்வு பெற்ற பிறகும் பண்ணைக்காரர் கொட்டில் சாவியை என்னிடமே விட்டிருந்தார்.

அந்தச் சித்திரையில் என் தங்கையின் மகன் புது வீட்டுக்குக் குடிபுக இருந்தான். பசு முதலில் உள்ளே போகவேண்டும் என்று உறவுக்காரர் சொல்லிவிட்டார்கள்.

"நீங்கள் இருக்கேக்க எனக்கென்ன கவலை, மாமா" என்றான்.

பண்ணைக்காரர் சிரித்துக்கொண்டே சம்மதித்தார். இருப்பதில் சாதுவான பசுவைத் தெரிவு செய்தேன். போன இலையுதிர்காலத்தில் வெளிநாட்டிலிருந்து வாங்கியது.

குடிபூரலுக்கு நான்கு நாள் முன்பு அதன் முதுகைத் தடவினேன். தோலுக்கடியில் நெல்லிக்காய் அளவில் முடிச்சுகள். ஒவ்வொன்றின் நடுவிலும் ஒரு துளை. பரீட்சைத் தாளில் மட்டும் நான் சந்தித்த நோய். ஒருவகை ஈ மாட்டின் காலில் முட்டையிடும். புழு உடம்புக்குள் ஊர்ந்து முதுகுக்கு வந்து, துளைபோட்டு மூச்சுவிடும். பிறகு நிலத்தில் விழுந்து, கோடையில் ஈயாகி, அடுத்த மாட்டைத் தேடும். இந்த நாட்டில் அதைக் கிட்டத்தட்ட ஒழித்துவிட்டார்கள். நான் சொன்னால் எந்த மாட்டையும் பண்ணையை விட்டு அசைய விடமாட்டார்கள். சொல்லாவிட்டால் ஒரு பசுவின் புழு அத்தனை பசுவுக்கும் பரவலாம்.

நான்காம் நாள் காலை நான் சந்தனம் குழைத்தேன். முதுகில் தடிப்பாகப் பூசி, மேலே பட்டுச் சால்வை போர்த்தினேன்.

குடிபூரல் அன்று மருமகனின் கவலை புது மரத்தளம்தான். குளியலறைத் திரையை வெட்டிப் பசுவுக்கு ஒரு கோவணம் கட்டியிருந்தான். ஐயர் உட்பட எல்லோரும் பசுவின் பின்பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் மட்டும் முதுகைப் பார்த்தேன். மூச்சுத் துளையைச் சந்தனத்தால் அடைத்தால் புழு வெளியே வரும் என்பது இந்தப் பட்டதாரிக்கு அப்போதுதான் ஞாபகம் வந்தது.

சால்வை நெளிந்தது. தீபாராதனை நேரம் மரத்தளத்தில் ஏதோ பொத்தென்று விழுந்தது.

"ஆரோ விழுத்தின பேரீச்சம்பழம்" என்று மருமகனின் மாமியார் குனிந்து எடுக்கப் போனார்.

"அக்கா, தொடாதேங்கோ!"

அவர் தொட்டுவிட்டார். பேரீச்சம்பழம் நெளிந்தது. அவர் போட்ட சத்தத்தில் பசு மிரண்டது, கோவணம் அவிழ்ந்தது. மரத்தளத்துக்கு நடந்ததை எழுதமாட்டேன்.

"உது என்ன மாமா?" என்றான் மருமகன். எல்லோர் முன்னாலும் சொன்னேன். ஐயர் மெல்லத் தன் வேட்டியை உதறிப் பார்த்தார்.

விழுந்த ஐந்து புழுக்களையும் ஊறுகாய்ப் போத்தலில் அடைத்து, பசுவை வண்டியில் ஏற்றி, நேரே பண்ணைக்குப் போய் எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டேன். பண்ணைக்காரர் போத்தலை வாங்கவில்லை. கையை நீட்டிச் சாவியை வாங்கினார்.

மிருக வைத்தியர் வந்து எல்லா மாடுகளுக்கும் முதுகில் மருந்து ஊற்றினார். ஆனால் நான் மறைத்த நான்கு நாளில் புல்வெளியில் எத்தனை விழுந்தன என்பது யாருக்கும் தெரியாது. அந்த ஈ வந்தால் மாடுகள் வாலைத் தூக்கிக்கொண்டு ஓடும். ஆகவே கோடை முழுவதும் வேலியோரம் கதிரை போட்டுக் காவல் இருந்தேன். ஆடியில் ஒருநாள் எல்லாம் வாலைத் தூக்கி ஓடின. "ஈ! ஈ!" என்று தமிழில் கத்திக்கொண்டு நானும் கூடவே ஓடிச் சேற்றில் விழுந்தேன். பண்ணைக்காரர் மேலே விரலைக் காட்டினார். தலைக்கு மேலே ஒரு வெப்பக்காற்றுப் பலூன். அதிலிருந்தவர்கள் எனக்குக் கையசைத்தார்கள்.

அடுத்த வசந்தத்தில் அவர் பக்கத்தில் நிற்க, ஒவ்வொரு முதுகையும் தடவினேன். எல்லாம் வழுவழுப்பு. "அதிர்ஷ்டம்" என்றார். அதுதான் உண்மை. என் காவலால் ஒரு ஈயும் தடைப்படவில்லை.

இப்போதும் வசந்தத்தில் முதுகு தடவ என்னைக் கூப்பிடுகிறார். சாவி மட்டும் திரும்பி வரவில்லை. கதவைத் தட்டிவிட்டு நிற்கிறேன். அவர் வந்து திறக்கும்வரை.