பழனிச்சாமியா? ஆமாங்க!

பழனிப் பக்கத்து அரசு மருத்துவமனை ஒன்றில் தியேட்டர் சிஸ்டராக இருந்தேன். அன்று குடலிறக்க ஆபரேஷன். வார்டிலிருந்து ஸ்ட்ரெச்சர் வந்தது. பச்சை கவுனில் ஒருவர் சுகமாகப் படுத்திருந்தார்.

"பழனிச்சாமியா?" என்றார் சீஃப் டாக்டர்.

"ஆமாங்க."

"காலையில எதுவும் சாப்பிடலையே?"

"நாலு இட்லி சாப்பிட்டனுங்க."

டாக்டர் என்னைப் பார்த்தார். நான் கேட்டேன், "குடலிறக்கம் எந்தப் பக்கம்ங்க?"

"எனக்கு ஏனுங்க குடலிறக்கம்? அது மச்சானுக்கு. அவரு பேரும் பழனிச்சாமிதானுங்க. பீடி குடிக்கப் போனாரு, நான் செத்த நேரம் அவரு கட்டில்ல சாஞ்சேன்."

"அப்ப கவுனை ஏன் மாட்டுனீங்க?"

"குடுத்தாங்க. காத்தோட்டமா இருந்துச்சுங்க."

எல்லோரும் சிரித்தோம். பிறகுதான் எனக்கு உறைத்தது. இட்லி சாப்பிட்ட வயிற்றோடு மயக்க மருந்து கொடுத்திருந்தால் என்ன ஆகியிருக்கும்?

அடையாளப் பட்டை வாங்க வசதியில்லை. பிளாஸ்திரியில் பேரும் ஊரும் எழுதி மணிக்கட்டில் ஒட்டினோம். பேரை நாம் சொல்லக் கூடாது, நோயாளிதான் சொல்ல வேண்டும் என்று சீஃப் உத்தரவு போட்டார்.

நோயாளிகளுக்குக் கோபம். "நேத்துத்தான ஊசி போட்டீக? அதுக்குள்ள பேரு மறந்துபோச்சா?" என்றார் கொடைரோட்டுப் பாட்டி ஒருவர். கொஞ்ச நாளில் நர்ஸ்களே தெரிந்த முகங்களைக் கேட்காமல் விட்டார்கள். பழையபடி "பழனிச்சாமியா?" காதில் விழத் தொடங்கியது.

அந்தச் சமயத்தில் சீஃபுக்கே அப்பெண்டிக்ஸ். எங்கள் தியேட்டரிலேயே படுத்தார். வலியில் முனகிக்கொண்டிருந்தார்.

"உங்க பேரு என்ன சார்? எந்த ஊரு?" என்றேன்.

"என்ன சிஸ்டர், விளையாடறீங்களா?"

"நீங்க சொல்லணும் சார்."

வேலை போய்விடுமோ என்று பயம்தான், ஆனாலும் கேள்வியை விடவில்லை.

"சண்முகம். நெய்க்காரப்பட்டி," என்றார் பல்லைக் கடித்துக்கொண்டு. "கை பிளாஸ்திரியையும் பாத்துக்கங்க."

குணமாகி ரவுண்ட்ஸ் வந்தவர், முறைக்கும் நோயாளிகளிடம், "என்கிட்டயே கேட்டுட்டாங்க, நீங்க சொன்னா என்ன?" என்பார். அதன்பின் யாரும் கேட்காமல் விடவில்லை. நான் ஓய்வு பெறும் நாள்வரை அந்தப் பழக்கம் நிலைத்தது.

புதிதாக வேலைக்கு வரும் பிள்ளைகளுக்கு ஒன்று சொல்வேன். ஒருவருக்கு விலக்குக் கொடுத்தால் மறுநாள் எல்லோருக்கும் கொடுக்க வேண்டிவரும். மேலதிகாரி படுத்திருந்தாலும் பேரைக் கேளுங்கள். கோபப்பட்டால் படட்டும். மயக்க ஊசி போட்டதும் அடங்கிவிடும்.