தொங்குபாலத்தில் மின்னும் கல்வெட்டு

முத்துப்பேட்டைக்குத் தெற்கே, கடலில் சேரப்போகும் ஆற்றின் மேல் ஒரு தொங்குபாலம். இரண்டு கரையிலும் தூண்கள். அவற்றின் மேலேறி இறங்கும் இரண்டு இரும்பு வடங்களில்தான் நடைபாதை முழுவதும் தொங்குகிறது. கால் வைக்கப் பயந்து கரையிலேயே நிற்கிறேன்.

மீன் கூடையை இறக்கி வைத்துவிட்டு ஓர் அக்கா, படகு இன்ஜினின் கழிவு எண்ணெயில் துணியை நனைத்து வடத்தில் தேய்க்கிறார்.

"இது உங்க வேலையாக்கா?"

"வேற யாரு வருவா? உப்புக் காத்து இரும்பைத் தின்னுடும் தம்பி. வாரத்துக்கு ஒரு வீடுன்னு முறை வச்சுத் தேய்க்கிறோம். முன்ன இங்க தோணிதான். அது கவுந்து எங்க நாத்தனார் செத்தப்புறம்தான் பாலமே கட்டுனாங்க."

"ஆபீசுல சொல்லலையா?"

"சொன்னோமே. வந்து பெயின்ட் அடிச்சுட்டுத்தான் போனாங்க, அதோ!"

அவர் காட்டுவது திறப்புவிழாக் கல்வெட்டை. பெயர்களெல்லாம் தங்க நிறத்தில் மின்னுகின்றன. மழை படாமலிருக்கத் தகரக் கூரை வேறு. பாலம் எதில் தொங்குகிறதென்று எட்டாவதோடு நின்ற எனக்கே தெரிகிறதே!

அக்கா கூடையோடு பாலத்தில் ஏறுகிறார். நான் நகரவில்லை.

"பயமா இருந்தா அந்தக் கல்லைப் புடிச்சுட்டு நில்லுங்க தம்பி. இங்க கெட்டியா இருக்கிறது அது ஒண்ணுதான்."