பீங்கான் சூளையில் போன என் பார்வை

யுத்த காலத்தில், தவக்காலத்து வெள்ளிக்கிழமை ஒன்றில், என் இரண்டு கண்களும் இருண்டன.

அதற்கு முன்பு நான் சென்னையில் டாக்டர் பட்டத்துக்கு ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தேன். ரேடியோப் பெட்டிக்குள் வைக்கும் பீங்கான் வில்லைகளைப் பற்றிய ஆராய்ச்சி. திருவாங்கூர்க் கடற்கரையின் கறுப்பு மணலிலிருந்து எடுத்த வெள்ளைப் பொடியை அழுத்திச் சுட்டால், மின்சாரத்தைத் தேக்கி வைக்கும் வில்லை கிடைக்க வேண்டும். என் வில்லைகளோ ஒவ்வொரு முறையும் விரிசலோடுதான் வந்தன. குண்டு விழும் என்ற பயத்தில் பட்டணம் காலியானபோது ஆராய்ச்சிக்கூடத்தையும் மூடிவிட்டார்கள். பொடி மூட்டையோடு சொந்த ஊரான பெரியகுளத்துக்கு வந்து, வீட்டுக்குப் பின்னால் சிறு சூளை கட்டினேன்.

அந்த வெள்ளிக்கிழமை சூளைக்குள் குனிந்து பார்த்தபோது சூளைச் செங்கல் ஒன்று வெடித்தது. கொதிக்கும் தூள் முகத்தில் அடித்தது.

டாக்டர் கண்களைக் கழுவிக் கட்டுப்போட்டார். "கட்டப் பிரிச்சாத்தான் சொல்ல முடியும். மனசத் தேத்திக்கங்க" என்றார்.

என்னால் தேற்ற முடியவில்லை. பகலும் இரவும் ஒன்றுதான். மாந்தோப்பில் அணில் விரட்டத் தகரம் தட்டும் சத்தம் கேட்டால் விடிந்துவிட்டது என்று அறிவேன். அறிந்து என்ன செய்ய? குருடனுக்கு எதற்கு ஆராய்ச்சி? எதற்கு உயிர்?

"ஆரோக்கியம், கெணறு எந்தப் பக்கம்னு கண்ணு இல்லாமலே எனக்குத் தெரியும்" என்று ஒருநாள் மனைவியிடம் சொன்னேன்.

அவள் என் கையை இறுகப் பிடித்தாள். "இப்பிடிப் பேசாதீக. ஒங்களுக்குச் செபிக்க வரலைன்னா நான் செபிக்கிறேன். நீங்க ஆமென் மட்டும் சொல்லுங்க."

எனக்கு அதுவும் வரவில்லை. அவள் தினமும் தனியாகவே செபித்தாள். ஒரு சாயங்காலம், "ஆண்டவரே, இவுக..." என்றவள் மேலே பேச முடியாமல் விம்மினாள். அவள் அழுது நான் கேட்டதே இல்லை. என்னை அறியாமல் வாய் திறந்தது.

"ஆண்டவரே, கண் போனாலும் போகட்டும். இவளைத் தனியே விட்டுப் போகாதபடி என்னைப் பிடித்துக்கொள்ளும்."

அந்த ராத்திரி தூங்கினேன்.

கட்டுப் பிரித்த அன்று இடது கண்ணில் ஒன்றும் தெரியவில்லை. வலது கண்ணில் முதலில் வெறும் வெளிச்சம். பிறகு டாக்டரின் சட்டைப் பொத்தான். பிறகு, வாயைப் பொத்திக்கொண்டு நின்ற ஆரோக்கியம்.

ஆராய்ச்சிக்கூடம் திறந்ததும் அவளும் என்னோடு பட்டணம் வந்தாள். மின்சாரம் அளக்கும் மீட்டரின் சிறு முள் என் ஒற்றைக் கண்ணுக்குச் சரியாகத் தெரியாது; அவள் பார்த்துச் சொல்ல, நான் எழுதினேன். ஒருநாள் விரிசலில்லாத வில்லை வந்தது. பின்னர் பட்டமும் கிடைத்தது.

இடது கண் இன்றும் இருட்டுதான். சில நாள் மனமும் இருண்டுபோகிறது. ஆனாலும் நான் உயிரோடிருக்கிறேன், ஆண்டவருக்கு நன்றி சொல்கிறேன். துயரத்தில் கிடக்கும் சகோதரரே, செபிக்க முடியவில்லையே என்று அஞ்சாதீர்கள். உங்களுக்காக அழுகிறவர்களின் குரலையும் அவர் கேட்கிறார். அவரை நம்புங்கள்.