குரூப் இல்லாத டீச்சர்

பேருந்து ஆற்றுப்பாலத்தைத் தாண்டுவதற்குள் ஜெபராணி டீச்சர் பாதி வகுப்புக்குப் பாடம் அனுப்பி முடித்திருப்பார். ஒளிச்சேர்க்கைப் படம் ஒன்று, தன் குரலில் விளக்கம் ஒன்று. முதலில் ஒரு பிள்ளையின் வீட்டு எண், அடுத்து இன்னொன்று. கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, போனை மூக்கருகே பிடித்து, ஒவ்வொரு பெயரையும் உதட்டுக்குள் சொல்லிப் பார்த்த பிறகே விரலை வைப்பார். ஸ்ரீவைகுண்டத்துக்குப் பக்கத்தில் உள்ள பள்ளியொன்றில் பத்தாம் வகுப்புக்கு அறிவியல் எடுக்கிறவர் அவர்.

"குரூப்புல ஒரு தட்டு தட்டுனா எல்லாருக்கும் போயிருமே டீச்சர், என்னத்துக்கு இந்தப் பாடு?" என்பார் பக்கத்து இருக்கையிலிருந்து கணக்கு வாத்தியார் பெருமாள்ராஜ்.

"எனக்கு இப்படித்தான் வருது சார்" என்பதோடு சரி.

அந்தப் பள்ளியில் முதன்முதலில் வாட்ஸ்அப் குரூப் தொடங்கியவரே டீச்சர்தான். அப்போதெல்லாம் அதைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் நிறுத்தமாட்டார். வாழைத்தோட்ட வேலைக்குப் போகிற வீடுகளில் பாடம் சொல்லித்தர யார் இருக்கிறார்கள்? அப்பா வேலை முடிந்து போனோடு வந்ததும் பிள்ளைகள் சந்தேகம் கேட்கும். அதிகம் கேட்டவள் நித்யா. "டீச்சர், வேரு தண்ணிய மேல எப்படி ஏத்துது? மோட்டார் கெடையாதுல்லா?" ஆசிரியர் அறையில் எல்லோருக்கும் அதை வாசித்துக்காட்டிப் பூரித்துப்போனார்.

அந்த வகுப்புப் பையன் ஒருவனின் போன் அவன் அண்ணன் கைக்குப் போனது. அந்த அண்ணன் குரூப்பிலிருந்து நித்யாவின் எண்ணை எடுத்து, "சாப்ட்டியா" என்று தொடங்கி, வேண்டாததையெல்லாம் அனுப்பினான். முதலில் பார்த்தவர் நித்யாவின் அப்பா முத்துமாலை, போன் அவருடையதுதானே. மறுநாளிலிருந்து அவள் பள்ளிக்கு வரவில்லை.

டீச்சர் குரூப்பைக் கலைத்துவிட்டு அவர்கள் வீட்டுக்குப் போனார். பிள்ளை மேல் தப்பில்லை என்று மன்றாடினார். முத்துமாலை நாற்காலி எடுத்துப் போட்டார்.

"அவ மேல தப்பில்லன்னு எனக்குத் தெரியும் டீச்சர். ஊருக்குத் தெரியணும்லா? உங்கள நம்பித்தான் நம்பரு குடுத்தோம்."

திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பார். நித்யா கருப்பட்டிக் காப்பி கொண்டுவந்து வைத்தாள், முகத்தைப் பார்க்கவில்லை. பிறகும் பலமுறை போய்ப் பார்த்தார். பதினெட்டு முடிந்ததும் அவளைக் கட்டிக்கொடுத்துவிட்டார்கள்.

சென்ற மாதம் பாளையங்கோட்டையில் ஆசிரியர் பயிற்சி. சமூக வலைத்தளம் வழியாகக் கற்பிப்பது பற்றி ஒவ்வொருவரிடமும் கருத்துக் கேட்டார்கள். பெருமாள்ராஜ் அழகாகப் பேசினார். எல்லோரும் கைதட்டினார்கள், டீச்சரும் தட்டினார். தன் முறை வந்ததும் எழுந்தார்.

"சார் சொன்னதெல்லாம் சரிதான். பாடம் போவுது. கூடவே என்னெல்லாம் போவுதுன்னு பாக்கதுக்கு நம்மகிட்ட ஆளில்ல."

"அப்போ ஆதரவா, எதிர்ப்பா?" என்றார் பயிற்சி நடத்தியவர். டீச்சர் உட்கார்ந்துவிட்டார்.

ஊர் திரும்பும்போது பேருந்து நிலையத்தில் நித்யா நின்றிருந்தாள், இடுப்பில் பிள்ளையோடு.

"ஏட்டி, நல்லாருக்கியா?"

"இருக்கேன் டீச்சர்."

"தனியா பரிச்சை எழுதலாம்ட்டி. பாடமெல்லாம் நான் அனுப்புதேன். உன் நம்பரச் சொல்லு." சொல்லும்போதே போனை வெளியே எடுத்துவிட்டார்.

நித்யா பிள்ளையை மறு இடுப்புக்கு மாற்றிக்கொண்டாள். "அவுககிட்ட கேட்டுட்டுச் சொல்லுதேன் டீச்சர்."

டீச்சர் போனைப் பைக்குள் போட்டார். பேருந்து வரும்வரை பிள்ளையைத் தன் கையில் வாங்கி வைத்துக்கொண்டார்.