விசாவுக்கு முந்தின மொட்டை

1. கவுண்டர்

கோலாலம்பூரில் தாய்லாந்து விசா கொடுக்கும் கவுண்டரில் இருந்த அம்மா, எங்கள் குரூப்பின் பாஸ்போர்ட்டுகளை ஒவ்வொன்றாக என் பக்கம் தள்ளினார். ஒன்றை மட்டும் தள்ளவில்லை. அதிலிருந்த படத்தைப் பார்த்தார். எனக்குப் பின்னால் நின்ற ஏட்டையாவைப் பார்த்தார். படத்தில் இருந்தவருக்குப் படிய வாரிய முடியும் கன்னம் தாண்டிய மீசையும் இருந்தன. நின்றவருக்கு இரண்டும் இல்லை. மண்டை முழுக்கச் சந்தனம்.

"இது வேறு ஆள்" என்றார் ஆங்கிலத்தில்.

அன்று ராத்திரி தாய்லாந்து ரயிலுக்கு எல்லாருக்கும் டிக்கெட் எடுத்தாயிற்று.

2. காத்திருக்கும் நாளும் டூர்தான்

நான் எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவன். இராஜபாளையத்தில் மில் வேலை பார்த்தேன், பிறகு லாரி கிளீனர், அப்புறம் பினாங்கில் சாப்பாட்டுக் கடையில் பாத்திரம் கழுவினேன். மலாயும் கொஞ்சம் இங்கிலீஷும் அங்கே ஒட்டிக்கொண்டவை. எண்பதுகளின் கடைசியில் ஊர் திரும்பினபோது, காசி, ராமேஸ்வரம் என்று பஸ் விட்டுக்கொண்டிருந்த ஒரு டிராவல்ஸ்காரர் வெளிநாட்டு டூர் தொடங்கினார். என்னை கைடாக வைத்துக்கொண்டார்.

"தாய்லாந்து விசாவுக்கு இங்கன இருந்து பாஸ்போர்ட்டை அனுப்புனா, எப்ப வரும்னு வாசலையே பாத்துக்கிட்டு இருக்கணும்" என்றார் முதலாளி. "கோலாலம்பூர்ல கொடுத்தா மறுநாள் கையில வருது. நடுவுல இருக்க நேரத்தைச் சிட்டி டூருன்னு போட்ருவோம். சனத்துக்கும் சந்தோசம்."

முறை இதுதான். காலையில் எல்லாரும் நேரில் போய் பாஸ்போர்ட் கொடுப்போம். அதோடு ஊர் சுற்றக் கிளம்புவோம். மறுநாள் மத்தியானம் போய் வாங்குவோம்.

அந்தத் தடவை பாஸ்போர்ட்டைக் கொடுத்துவிட்டுப் பத்துமலை முருகன் கோயிலுக்குப் போனோம். மற்றவர்கள் படியேறி இறங்குவதற்குள் ஏட்டையா மொட்டை போட்டுக்கொண்டு வந்து நின்றார். ஸ்ரீவில்லிபுத்தூரில் ஏட்டாக இருந்து ரிட்டயர் ஆனவர். அதிகம் பேசமாட்டார்.

"என்ன ஏட்டையா, மீசையுமா?" என்றார் பஞ்சு வியாபாரி சீனிவாசன். "கேடிப் பயலுவ பயந்ததே அதுக்குத்தானே. இனி உங்கள எவன் மதிப்பான்?"

"வளந்துரும். நீரு உம்ம சோலியப் பாரும்."

வேண்டுதல் என்று நினைத்து நானும் சிரித்தேன்.

3. அப்பாவுக்கு

கவுண்டர் அம்மா புது விண்ணப்பம் போடச் சொன்னார். விசா கிடைக்க மேலும் நாளாகும்.

"ஒருத்தருக்காக அம்புட்டுப் பேரும் ரயிலை விடவா?" என்றார் சீனிவாசன். "ஏட்டையா இங்கனயே தங்கட்டும். நாம திரும்பி வாரப்ப கூட்டிக்கிடுவோம்."

கணக்குப்படி அவர் சொன்னது சரி. நான் ஏட்டையாவை ஓரமாகக் கூப்பிட்டேன்.

"வேண்டுதலை ஊருக்குப் போயி முடிச்சிருக்கலாம்ல?"

"வேண்டுதல் இல்லப்பா. எங்க அப்பாவுக்குக் காரியம் பண்ணணும். தாய்லாந்துல ஆத்தங்கரையில நாவிதன் கிடைப்பானோ என்னமோன்னு இங்கனயே எடுத்துட்டேன்."

அவருடைய அப்பா சுந்தரபாண்டியத்திலிருந்து மலாயா ரப்பர் தோட்டத்துக்குப் போனவர். சண்டைக் காலத்தில் ஜப்பான்காரன் சயாமுக்கு, அதாவது இப்போதைய தாய்லாந்துக்கு, ரயில் ரோடு போடக் கொண்டுபோனான். திரும்பி வரவில்லை.

"செத்துட்டாருன்னு சொன்னா அம்மா ஒத்துக்கிடல. கடைசி வரைக்கும் பொட்டு வச்சிருந்தா. அவ இருக்கையில நான் எப்படிக் காரியம் பண்ண? போன வருசம் அவளும் போயிட்டா. உங்க டூர்ல அந்த ரயில் பாலம் இருக்குன்னு கேட்டுத்தான் பணம் கட்டுனேன்."

எங்கள் நோட்டீசில் அது போட்டோ எடுக்கும் இடம்.

நான் சீனிவாசனிடம் போய், "எல்லாரையும் ஸ்டேஷனுக்குக் கூட்டிட்டுப் போங்க. நான் ஏட்டையாவோட வாரேன்" என்றேன். கவுண்டருக்குத் திரும்பினேன். எனக்குத் தெரிந்த இங்கிலீஷில் சொன்னேன்: இவர் அப்பா உங்கள் நாட்டில் இறந்தார், ரயில் ரோடு வேலையில். மகன் தலை மழித்துச் சடங்கு செய்யப் போகிறார்.

அந்த அம்மா பாஸ்போர்ட்டை மறுபடி திறந்து படத்தைப் பார்த்தார். பிறகு, "எங்கள் ஊரிலும் அப்பா இறந்தால் மகன் தலை மழித்துத் துறவி ஆவான். நாங்கள் புருவத்தையும் எடுத்துவிடுவோம்" என்றார்.

ஏட்டையாவுக்குச் சொன்னேன்.

"அதையும் எடுக்கணும்னாச் சொல்லு. எடுத்துருறேன்."

அதை ஆங்கிலத்தில் சொன்னதும் அந்த அம்மா சிரித்துவிட்டார். ஆனால் சட்டத்தை விடவில்லை. மொட்டைத் தலையோடு புது போட்டோ வேண்டும், தன் கண்முன்னால் கையெழுத்துப் போட வேண்டும், கவுண்டர் மூடுவதற்குள் வந்தால் இன்றைக்கே முத்திரை என்றார்.

தெருவில் முதல் ஸ்டூடியோ பூட்டியிருந்தது. இரண்டாவது கடைக்காரர் மறுநாள் வரச் சொன்னார். மூன்றாவது கடையில் சீனர் ஒருவர் உடனே படம் வரும் கேமரா வைத்திருந்தார். ஏட்டையா சந்தனத்தைத் துண்டால் துடைத்துவிட்டு, சல்யூட் அடிக்கப் போகிறவர்போல உட்கார்ந்தார். படத்தின் ஈரம் காயுமுன்னே ஓடினோம். கவுண்டரில் ஷட்டரைப் பாதி இறக்கியிருந்தார்கள். நான் குனிந்து உள்ளே கையை நீட்டினேன்.

முத்திரை விழுந்தது. ரயிலையும் பிடித்தோம்.

அந்த ரயில் பாலத்தில் மற்றவர்கள் படம் எடுத்துக்கொண்டிருந்தபோது, ஏட்டையா ஆற்றில் இறங்கிப் பிண்டம் கரைத்தார். இலையைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நின்றவர் சீனிவாசன்.

இந்தத் தொழிலுக்கு வருகிற தம்பிகளுக்கு இரண்டு சொல்வேன். ஸ்டாம்பிங் முடிகிறவரை யாரும் தலையில் கத்தி வைக்கக் கூடாது என்று புறப்படும்போதே சொல்லிவிடுங்கள். பேர் கொடுக்க வருகிறவரிடம் எங்கே போகணும் என்று கேட்டதோடு நிறுத்தாமல், எதுக்குப் போறிய என்றும் கேளுங்கள். "சும்மா சுத்திப் பாக்கத்தான்" என்பார்கள். உடனே ரசீது எழுதாதீர்கள். செத்த நேரம் பேசாமல் இருங்கள். சொல்ல வேண்டியவர்கள் பொறவு சொல்வார்கள்.